பதிலுக்கு விட்ட இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்து, ஒரு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின், மறுமுனையில் ஹெட்போன் பின், அப்படி ஒரு ஒயர் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். கூடத்து மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரோடு தன் கைப்பேசியை இணைக்க வேண்டுமாம். அதற்காக விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கருவி வாங்கியிருக்கிறாள். அது கைப்பேசியிலிருந்து பாட்டைக் காற்றில் வாங்கி ஒயருக்குள் கொடுத்துவிடும். பழைய ஸ்பீக்கரில் கேட்பதற்கு இப்போது இளைஞர்களிடம் பெரிய மதிப்பு என்றாள். நாற்பது வருடம் ஆகிவிட்டால் எதற்கும் மதிப்பு வரும்போலிருக்கிறது. எனக்கு ஐம்பது ஆகியும் வந்தபாடில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். எந்தக் கருவிக்கு உரியது என்று மறந்துபோன சார்ஜர்கள், ஒரு பக்கம் மட்டும் பாடும் ஹெட்போன், என்றாவது தேவைப்படும் என்று சேர்த்த ஒயர்கள். என்னுடையது நீல நிறத் தகர டின். மூடியைத் திறந்ததும் உருகிய ரப்பரின் வாடை வந்தது. கேசட் டெக்கின் உள்ளே ஒரு பெல்ட் ஓடும். வருடக்கணக்கில் கிடந்தால் அது கறுப்புப் பசையாகிவிடும். விரலில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய் வேண்டும். அப்படி உருகிய பெல்ட் ஒன்றை எதற்காகவோ காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். அதன் அடியில் ஒரு கேசட் கிடந்தது. முகப்புத் தாளில் நீல மையில் என் கையெழுத்து: 'பட்டினச்சேரி, பேட்டி'. மேல் விளிம்பின் இரண்டு ஓட்டைகளையும் மூடியிருந்த செலோடேப் மஞ்சளாகிப்போயிருந்தது.

அந்த செலோடேப்பைப் பார்த்ததும் டின்னை மூடினேன். ஒயர் இல்லை என்று மகளிடம் சொன்னேன். ஒயர் அப்போது என் இடது கையில் இருந்தது.

ஆம்ப்ளிஃபயர் என்னுடையது இல்லை, ஜொஹரா லாத்தாவுடையது. காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். அவர் எனக்கு உறவு இல்லை. அவர் வீட்டுப் பின்கட்டில் நான் குடியிருந்தேன், அவ்வளவுதான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் ஒரு நாளிதழுக்குக் காரைக்கால் நிருபராக இருந்தேன். கீழவாஞ்சூரில் துறைமுக வேலை, பட்டினச்சேரியில் மீன் இறங்கும் இடம், கருக்களாச்சேரியில் கடல் அரிப்பு, கொம்யூன் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வெளிநடப்பு. இவற்றையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டிய வயது. ஊரில் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது என்று நான் நம்பிய காலம். லாத்தாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

"பேப்பர்க்கார தம்பிக்கு ஊர்ல நடக்குறது எல்லாம் தெரியும். தன் வூட்டுல தண்ணி ஒழுவுறதுதான் தெரியாது" என்பார், நான் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போன நாட்களில்.

செய்தி ஆசிரியர் வெளியூரிலிருந்து தொலைபேசியில் பேசுவார். நான் அனுப்பும் முப்பது வரி மறுநாள் எட்டு வரியாக வரும். முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு பழகியது, பிறகு நானே எட்டு வரியாக அனுப்பத் தொடங்கினேன். அதற்காக ஒரு முறை பாராட்டினார். "பேட்டின்னா அந்தாளு இருமுனது, யோசிச்சது, 'அதாவது அதாவது'ன்னது, இதெல்லாம் எனக்கு வேணாம்ப்பா. சொன்னது என்ன? அத மட்டும் குடு." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் பக்கத்தில் வெற்றிடம் விடுவது குற்றம். ஒன்றும் கிடைக்காவிட்டால் பழைய மழை அளவையாவது போட்டு நிரப்புவார்கள்.

லாத்தாவின் கணவர் காதர் நானா; அண்ணனை அங்கே நானா என்பார்கள். நான் குடிபோவதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். சவூதியில் தம்மாமில் இருபது வருடத்துக்கு மேல் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். சுவரில் தொங்கிய படத்தில் கண்ணாடியும் சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகமுமாக இருப்பார். ஒரு விடுமுறையில் அவர் கொண்டுவந்ததுதான் அந்த செட்டு. வெள்ளி நிற ஆம்ப்ளிஃபயர், இரட்டைக் கேசட் டெக், இடுப்பு உயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர்கள். எல்லாம் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரியில் இருந்தன. ஸ்பீக்கர் துணியில் பூச்சி அரிக்காமல் இருக்க லாத்தா இரண்டு பக்கமும் கற்பூர உருண்டை வைத்திருப்பார். அதனால் அந்தக் கூடத்தில் பாட்டுக்கே ஒரு வாடை உண்டு என்று எனக்குத் தோன்றும்.

மகன் ரஃபீக் துபாயில் இருந்தான். ஒரு நாள் ஊருக்கு வந்த ஆள் மூலமாகப் பெரிய தட்டை டி.வி.யும் ஒரு டி.வி.டி. பிளேயரும் கொடுத்தனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தான். "அண்ணே, அந்தப் பழைய டப்பாவத் தூக்கி மாடியில போட்டுட்டு இத மாட்டிக் குடுங்கண்ணே. அடுத்த தடவ ஹோம் தியேட்டரே கொண்டாரேன். உம்மாட்ட நான் சொன்னா கேக்க மாட்டாங்க." நான் சொன்னேன். லாத்தா என்னிடமும் கேட்கவில்லை.

"டி.வி. இருக்கட்டும், அது எடத்துல. இத எடுக்காத தம்பி. அவஹ பேசுறது இதுலதான்."

அப்போதுதான் கேசட்டுகளைப் பற்றித் தெரிந்தது. ஒன்பது. கேக் டப்பா ஒன்றில் வரிசையாக அடுக்கியிருந்தன. போன் பேசுவது எளிதாக இல்லாத நாட்களில், கடிதத்துக்குப் பதிலாகக் காதர் நானா தம்மாமில் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார். அந்தத் தெருவில் பல வீடுகளில் இப்படிக் கேசட்டுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவர்கள் கேட்டுவிட்டு அதன்மேலேயே பாட்டுப் பதிந்துவிட்டார்கள். காதர் நானா விவரமானவர். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிட்டே அனுப்புவார். அதை உடைத்துவிட்டால் யார் முயன்றாலும் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. பொத்தான் அமுங்காது.

பழையதையும் புதியதையும் சேர்த்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். டி.வி.டி. பிளேயரின் சத்தத்தைப் பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டால் எந்த ஹோம் தியேட்டரும் பக்கத்தில் வர முடியாது. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் வரிசையாகத் துளைகள் இருந்தன. சுத்தமாக இருந்த ஜோடியாகப் பார்த்து மாட்டினேன். படம் போட்டதும் கதாநாயகன் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட காக்கையைப் போலப் பேசினான். நான் மாட்டியது இசைத்தட்டுக்கு உரிய துளை. அங்கே வரும் சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பல மடங்கு பெருக்கும் என்பது தெரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இடம் மாற்றினேன். காக்கை போய் ஒரு ரீங்காரம் வந்தது. பெட்டியைக் கையால் தொட்டால் அடங்கும், எடுத்தால் வரும். கடைசியில் அதன் திருகில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி, அதன் மறுமுனையைக் குழாயோடு சுற்றினேன்.

லாத்தா சொன்னார்: "அப்ப இனிமே குழாய மூடலன்னா செட்டும் ஒழுவுமா தம்பி?"

ரிமோட்டில் டி.வி.யின் சத்தம் குறையும், செட்டின் சத்தம் குறையாது. எழுந்து போய்க் குமிழைத் திருக வேண்டும். துப்பாக்கி வெடித்தால் அலமாரியில் இருந்த பீங்கான் கிண்ணங்கள் பேசிக்கொள்ளும். ரஃபீக் போனில் ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டு, "பரவால்லண்ணே, டப்பா உருப்படிதான்" என்று ஒப்புக்கொண்டான். அந்த மாதம் நான் செய்தியில் கூட அவ்வளவு பெருமைப்படவில்லை.

கேசட் டெக்தான் காலை வாரியது. பெல்ட் இளகி, காதர் நானாவின் குரல் தூக்கத்தில் பேசுவதைப்போல இழுத்தது. காய்கறிப் பையில் வந்த ரப்பர் வளையத்தை மாட்டிப் பார்த்தேன். சண்டைக்கு வந்தவரைப்போலப் பேசினார். நாகப்பட்டினத்தில் ஒரு மெக்கானிக் வேறு டெக்கிலிருந்து கழற்றிய பெல்ட் கொடுத்தார். அதுவும் கிழடு, ரொம்ப நாள் தாங்காது, முக்கியமானது இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். நான் லாத்தாவிடம் சொன்னேன்: எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி ஒரே சி.டி.யாகப் போட்டுத் தருகிறேன், பெல்ட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், டி.வி.டி. பிளேயரில் போட்டால் அதே செட்டில் அதே ஸ்பீக்கரில் பேசுவார்.

லாத்தா கேக் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கொறையாம வருமா?" என்று கேட்டார்.

"இதவிட நல்லா வரும் லாத்தா" என்றேன்.

இனி நான் சொல்லப்போவதில் ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்து தெரு அடங்கிய பிறகு, கூடத்தில் லாத்தா யாருடனோ பேசிக்கொண்டிருப்பது பின்கட்டில் எனக்குக் கேட்கும். சிரிப்பார், சில நேரம் குரலை உயர்த்துவார். விருந்தாளி என்று நினைத்தேன். ஒரு முறை அந்த நேரத்தில் வாசல் வழியாக வெளியே போனபோது அங்கே லாத்தாவின் செருப்பு மட்டும் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. செருப்பு எத்தனை என்று எண்ணத் தெரிந்த எனக்கு, அதை வைத்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்கை என் அறைக்குக் கொண்டுபோய் கணினியோடு இணைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாளே, அந்த ஒயரால்தான். கணினித் திரையில் குரல் ஒரு படமாக வரும். பேச்சு வரும் இடத்தில் மேடும் பள்ளமும், பேச்சில்லாத இடத்தில் தட்டையான கோடு. முதலில் இரைச்சலை எடுத்தேன். அதற்கென்று ஒரு கட்டளை இருந்தது. தம்மாம் அறையின் ஏ.சி. உறுமல் போனது, யாரோ பாத்திரம் கழுவியது போனது. குரல் கழுவித் துடைத்ததுபோல வந்தது. பிறகு தட்டையான கோடுகளைப் பார்த்தேன். காதர் நானா எதையாவது கேட்பார், கோடு. ஏதோ சொல்வார், கோடு. சில இடங்களில் பத்து நொடி, சில இடங்களில் அரை நிமிடம். படிக்காத மனுஷர், அடுத்து என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். சுட்டியால் இழுத்து, அழித்தேன். கோட்டுக்குப் பிறகு பெரும்பாலும் "அப்படியா" என்பார், "சரி சரி" என்பார், "அதுக்கு நான் என்ன பண்றது" என்பார். முன்னுக்கும் பின்னுக்கும் தொடர்பில்லாமல் இருந்தன. அவற்றையும் எடுத்தேன். சொன்னது என்ன, அதை மட்டும் வைத்தேன். பாதிக்குப் பாதி குறைந்தது.

இடம் போதாமல் செய்திருந்தால் ஒரு சமாதானமாவது இருக்கும். எம்.பி.3 ஆகப் போட்டதால், வெட்டாமலே ஒன்பது கேசட்டும் அந்த ஒரே சி.டி.யில் அடங்கியிருக்கும்.

ஒவ்வொன்றும் முடிய முடிய, கணினியில் இருந்த முழுப் பதிவை அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றினேன். அந்தக் காலத்துக் கணினி அதற்குமேல் தாங்காது. கேசட்டைத் திருப்பிக் கொடுத்தபோது லாத்தா, "உனக்குத்தான் பேட்டி எடுக்கக் கேசட்டு வேணுமே, வச்சுக்க தம்பி. அதான் நீ சி.டி. தரப்போறியே" என்றார். வாங்கிக்கொண்டேன். என் கையடக்க ரெக்கார்டரில் போட்டால் பொத்தான் அமுங்கவில்லை. உடைத்த தகடுகளின் ஓட்டையில் செலோடேப் ஒட்டினேன். அமுங்கியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சி.டி.யைக் கொண்டுபோனேன். லாத்தா தலையில் துப்பட்டாவைச் சரியாகப் போட்டுக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். எனக்கு நாற்காலியைக் காட்டினார். குமிழைத் திருகிவிட்டு வந்தேன். இரண்டு ஸ்பீக்கரும் நிறைந்து, பக்கத்தில் நிற்பவரைப்போலக் காதர் நானாவின் குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். புள்ள, நல்லாருக்கியா? ரஃபீக்கு பள்ளிக்கூடம் போறானா? உம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கு? போன கடுதாசியில நீ சொன்ன சாமான் வாங்கிட்டேன்."

லாத்தா "வ அலைக்குமுஸ்" என்று தொடங்கியிருந்தார். அதை முடிப்பதற்குள் கால்வலிக்கு வந்துவிட்டார் காதர் நானா. லாத்தா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். நான் மகிழ்ச்சியில் வாயடைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு ஐந்து நிமிடம் போயிருக்கும். என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி இவ்வளவு அவசரமாப் பேசுறாஹ? ஸலாமுக்குப் பதில் சொல்லக்கூட விட மாட்டேங்கிறாஹளே."

நடுநடுவே சும்மா இருந்த இடத்தையெல்லாம் எடுத்துவிட்டேன் என்றேன். இன்னும் பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னேன்.

"சும்மா இல்ல தம்பி. அது எடம் விட்டுப் பேசுறது."

பிறகு அவர் சொன்னதை நான் சொல்கிறேன். முதல் கேசட் வந்தபோது அதில் காதர் நானா மூச்சு விடாமல் பேசியிருந்தாராம். லாத்தா யாரையோ உட்காரவைத்துக் கோபமாகக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார், ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலப் பேச வேண்டாம், என்னையும் பேச விடுங்கள் என்று. அடுத்த கேசட்டிலிருந்து அவர் ஒன்றைக் கேட்டுவிட்டு நிறுத்துவார். இங்கே லாத்தா பதில் சொல்வார். சொல்லி முடிக்கும் நேரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். மாமியார் பற்றிக் கேட்டால் நீளமாக இடம் விடுவார். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு மூச்சு. லாத்தா என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியும், அதற்குத்தான் அந்த "அப்படியா", அந்த "சரி சரி". சில இடத்தில் தவறாக ஊகித்துச் சமாதானம் சொல்வார், லாத்தா சிரிப்பார். காதர் நானா இறந்த பிறகும் லாத்தா வெள்ளிக்கிழமைக்கு ஒரு பக்கம் என்று போட்டு, அதே கேள்விகளுக்கு இப்போதைய பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரஃபீக் பள்ளிக்கூடம் போகிறானா என்று அவர் கேட்டால், துபாய் போய்விட்டான் என்று சொல்வார்.

"நீ போட்டுக் குடுத்ததுல அவஹ இருக்காஹ. நான் பேசுற எடம் எங்க தம்பி?"

செட்டு பேசிக்கொண்டே போனது. நான் எழுந்து போய் நிறுத்தினேன்.

"பரவால்ல. தெரியாமத்தானே செஞ்சே. கேசட்டு இருக்குல்ல, நீ இன்னும் பேட்டி எதும் பதியலன்னா அதுல அப்படியே இருக்கும்ல?"

"இருக்கு லாத்தா" என்றேன்.

பின்கட்டுக்கு வந்து ஒன்பதையும் மேசையில் பரப்பினேன். ஒன்பதிலும் என் கையெழுத்து இருந்தது. குளம் தூர்வாருதல். தடுப்புச் சுவர். கூட்டம், வெளிநடப்பு. இரண்டைப் போட்டுப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன், எவரோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேச்சிலிருந்து நாளிதழில் வந்தது எத்தனை வரி என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாவதைப் போட எனக்குத் துணிவு வரவில்லை. போட்டுப் பார்த்தால் உறுதியாகிவிடும். பார்க்காதவரை நான் சொன்னது முழுப் பொய் ஆகாது என்று ஒரு கணக்கு.

ஒரு திருத்தம் செய்து பார்த்தேன். சி.டி.யில் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஐந்து நொடி வெற்றிடம் சேர்த்து இன்னொன்று போட்டுக் கொடுத்தேன். லாத்தா கேட்டுவிட்டு, "பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேக்குற மாதிரி இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதன் பிறகு சில வாரம் ரிமோட்டில் நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தார். சுவருக்கு அப்பால் காதர் நானாவின் குரல் ஒரு சொல்லின் நடுவில் அறுபடும். லாத்தா ஏதோ சொல்வார். மறுபடி குரல் வரும், சொன்னதற்குச் சம்பந்தமில்லாமல். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. ஜும்மா முடிந்து தெரு அடங்கும், வீடும் அடங்கியிருக்கும். நான் செய்தி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அந்த நேரத்தில் வெளியே போக ஆரம்பித்தேன். கீழவாஞ்சூர் சாலையில் நிலக்கரி லாரிகள் போவதை நின்று பார்த்துவிட்டு வருவேன்.

கேசட் கிடைத்ததா என்று லாத்தா இரண்டு முறை கேட்டார். அலுவலகப் பையில் எங்கோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று இரண்டு முறையும் சொன்னேன். மூன்றாவது முறை கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய்க் கேலி தொடர்ந்தது. எப்போதாவது மீன் குழம்பு வந்தது. அவர் என்னிடம் ஒரு துளியும் மாறவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அந்தக் கோபத்தின் நடுவிலாவது நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். சொல்லியிருப்பேனா என்பது தெரியாது.

பிறகு ரஃபீக் சென்னையில் வீடு வாங்கி அவரை அழைத்துப்போனான். வண்டி நிற்கும்போது லாத்தா என்னைக் கூப்பிட்டார். "செட்ட நீ வச்சுக்க. ஒயரெல்லாம் மாட்டுனது நீதானே. அங்க அதுக்கு எடம் இல்லையாம்." நான் வேண்டாம் என்றேன். "நீயும் வேணாம்னா குப்பைக்குத்தான் போவும்" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "கெடச்சா சொல்லு தம்பி" என்றார். எது என்று சொல்லவில்லை. சொல்கிறேன் என்றேன்.

சில வருடம் கழித்து ரஃபீக் போன் செய்து, உம்மா மௌத்தாகிவிட்டார் என்று சொன்னான். நான் அப்போது வேறு ஊருக்கு மாறியிருந்தேன். அடக்கத்துக்குப் போக முடிகிற தூரம்தான். போகவில்லை.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கண்ணாடி முகப்பு வைத்த கைப்பேசிக் கடை. போன வருடம் ஒரு திருமணத்துக்குப் போனபோது பார்த்தேன். செம்புக் கம்பி கட்டிய குழாய் இருந்த இடத்தில் பணம் வாங்கும் மேசை இருந்தது. நாகப்பட்டினத்து மெக்கானிக் கடையும் இல்லை. டெக் எனக்கு வந்த மறு வருடமே நின்றுபோனது. ஒன்பது கேசட்டில் எட்டு, வீடு மாற்றியதில் எங்கே போயின என்று தெரியாது. தம்மாமிலிருந்து இப்போது எல்லோரும் முகம் பார்த்தே பேசுகிறார்கள். போன வாரம் என் மகள் தோழியின் குரல் செய்தியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாள். ஏன் என்றேன். இழுத்து இழுத்துப் பேசுவாள்ப்பா என்றாள். அவளைச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டின்னை மறுபடி எடுத்தேன். கையடக்க ரெக்கார்டரைத் தேடித் துடைத்து, புது பாட்டரி போட்டேன். ஓடியது. ஒயரின் ஒரு முனையை அதில் செருகி, சிவப்பையும் வெள்ளையையும் ஆம்ப்ளிஃபயரின் சரியான துளைகளில் மாட்டினேன். மகள் பார்த்துவிட்டு, "இல்லன்னியேப்பா" என்றாள். இருந்தது என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பட்டினச்சேரிக்காரர் ஒருவர் மீன் இறங்கும் இடத்தில் மேடை வேண்டும் என்றார். நான் அவரை நடுவில் மறித்து, எத்தனை படகு என்று கேட்டேன். அவர் தொடங்கிய வாக்கியத்தை மறுபடி தொடங்கினார், நான் மறுபடி மறித்தேன். எவ்வளவு அவசரமான குரல் எனக்கு. பேட்டி முடிந்து டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு உறுமல் வந்தது. ஏ.சி. உறுமல். நான் துடைத்தெறிந்த உறுமல். யாரோ பாத்திரத்தில் கரண்டியைத் தட்டினார்கள்.

அந்தப் பக்கத்தில் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்திருக்கிறது. லாத்தா கேட்ட அன்றைக்கே உண்மையைச் சொல்லி, ஒன்பதையும் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பதினொரு நிமிடம் அவருக்குக் கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போட்டிருப்பார்.

"கண்ணாடி மாத்தச் சொன்னேனே, மாத்துனியா புள்ள?" என்று கேட்டார் காதர் நானா.

உறுமல் மட்டும் கேட்டது. இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் உறுமல்.

"நின்னுடுச்சாப்பா?" என்று மகள் ரெக்கார்டரை நோக்கிக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இரு. அவங்க சொல்லி முடிக்கட்டும்."

மகள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எங்களைத் தவிர யாரும் இல்லை. உறுமல் போய்க்கொண்டே இருந்தது, நான் அன்று திரையில் பார்த்த எந்தக் கோட்டையும்விட நீளமாகத் தோன்றியது.

"அப்படியா" என்றார் காதர் நானா. "சரி சரி. அதுக்கு ஏன் கோவிச்சுக்குற?"